பெண் அழைப்புக்குப் போன ஆறு வோல்ட் கார்

என்னிடம் அப்போது ஒரு பழங்கால மோட்டார் கார் இருந்தது. சுதந்திரத்துக்கு முந்தைய வண்டி. முட்டைக்கண் விளக்கு, கதவுக்கு வெளியே படிப்பலகை, ஆறு வோல்ட் பேட்டரி. இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருஷங்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் என்னென்னவோ பறந்தன. நான் உருண்டேன். உப்புக் காற்று, வெயில், சவுக்கு, மறுபடியும் உப்புக் காற்று!

கோவளத்தில் எதிர்வீட்டு மீனவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மாமல்லபுரம் பக்கம் ஒரு குப்பம். “டீச்சரம்மா கார்லதான் எங்க பொண்ணு வரும்” என்று அவர் சம்பந்தி வீடு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். பெண் அழைப்பன்று காலையில் காரைக் கிளப்பும் பொத்தானை அழுத்தினேன். டக். அவ்வளவுதான். ஹாரன் சளி கட்டியது போல முனகியது.

“இன்னா டீச்சரம்மா, உன் காரு என் மானத்த வாங்கிடும் போல கீதே!” என்று ஓடி வந்தார் பெண்ணின் அப்பா.

கேளம்பாக்கத்திலிருந்து பேட்டரிக்காரர் மொபெட்டில் வந்தார். தரைப்பலகையைத் தூக்கி, பேட்டரியின் மூன்று அறைகளிலும் உள்ளே மிதவை வைத்த கண்ணாடிக் குழாயை விட்டு ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தார். இரண்டில் மிதவை மிதந்தது. நடு அறையில் முங்கியது; ஆசிட்டில் சத்தில்லை.

“இதுல இன்னா தண்ணி ஊத்துன?”

அந்த அறைதான் அடிக்கடி வற்றும். “எங்க கிணத்துத் தண்ணிதான்” என்றேன் பெருமையாக. கடலுக்கு இத்தனை கிட்டத்தில் அப்படியொரு நல்ல தண்ணீர். குப்பமே வந்து மொண்டு போகும். “சர்க்கரையா இருக்கும்.”

“உன் நாக்குக்கு சக்கர. பேட்டரிக்கு வெசம், அதுக்கு வடிச்ச தண்ணிதான் ஊத்தணும். தகடெல்லாம் பூடுச்சுக்கா. இந்த சைசுக்கு மெட்ராசுல சொல்லணும், நாலு நாளாவும்.”

“அப்ப பொண்ண நாலு நாள் கழிச்சு அனுப்பட்டா?” என்று பாய்ந்தார் பெண்ணின் அப்பா.

தலையைச் சொறிந்த பேட்டரிக்காரர் திரும்பப் போய், பழைய மோட்டார் சைக்கிளின் ஆறு வோல்ட் பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். டிபன் டப்பா அளவுதான். “பொறி மட்டும் குடுக்கும். இஞ்சினச் சுத்த தெம்பு பத்தாது.”

சீட்டுக்கடியிலிருந்து சுழற்றும் இரும்புக் கைப்பிடியை எடுத்து நீட்டினேன். பெண்ணின் அப்பா முகம் மலர்ந்தது. “அட, இவ்ளோதானா? தெனம் படகு இஞ்சின இப்டித்தான சுத்திகினு கீறேன்!”

ஒரே இழுப்பு. கார் இருமியது, குலுங்கியது, பாடியது.

சாயங்காலம் பெண்ணையும் அவள் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியவள், இஞ்சின் நின்றுவிடுமோ என்று வழியெல்லாம் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவேயில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பந்தலுக்கு இருபது அடி முன்னால் ஆரத்தித் தட்டுகள் குறுக்கே வர, பிரேக்கை மிதித்தேன். இஞ்சின் நின்றது. மேளமும் நின்றது.

“பெரிய காருன்னீங்களே சம்பந்தி!” என்றது பந்தலிலிருந்து ஒரு குரல்.

பெண்ணின் அப்பா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கைப்பிடியோடு இறங்கினார். அதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார். “குடு மாமா, நானும் படகுக்காரன்தான்.” இழுத்தார். ஒன்றுமில்லை. மறுபடி குனிந்தார்.

பின் சீட்டிலிருந்து மாலையோடு தலையை நீட்டினாள் பெண். “யோவ், கட்ட வெரல மடக்கிப் புடிக்காத, கைப்பிடி எதிர்த்து அடிச்சா வெரலு ஒடிஞ்சுடும்! கீழேர்ந்து மேல இழு!”

மாப்பிள்ளை விரலை மாற்றிப் பிடித்து இழுத்தார். கார் கிளம்பியது. பந்தலே சிரித்தது.

“காரு கெடக்குது வுடுங்க,” என்றார் அப்பா சம்பந்தியைப் பார்த்து, மார்பு விம்ம. “பொண்ணப் பாத்தீங்களா?”