வரப்போரத்து இடம்

எனக்கு இடது கைப்பழக்கம். எழுதுவது, நாற்று நடுவது எல்லாம் அந்தக் கையில்தான். சோற்றுக்கு மட்டும் அம்மா அடித்து அடித்து வலது கைக்கு மாற்றினாள்.

நடவில் இது பெரிய தொல்லை. எல்லோரும் இடது கையில் நாற்றுக்கட்டைப் பிடித்து, வலது கையால் ஊன்றிக்கொண்டே பின்னால் நகர்வார்கள். நான் நேர்மாறு. பக்கத்தில் நிற்பவளின் கையும் என் கையும் இடித்துக்கொள்ளும். அதனால் எங்கள் நடவு ஆட்களைக் கூட்டிப்போகும் அக்கா முதல் நாளே என்னை இடது கோடியில், வரப்பை ஒட்டி நிறுத்திவிட்டார். போனால் போகிறதென்று ஒரு மூலையில் வைத்திருக்கிறார்கள் என்றே ஆறு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்திலேயே நூல் பிடித்தாற்போல நடுவேன். எவளும் என்னை ஒரு குறை சொல்லிவிடக் கூடாது.

போன சம்பாவுக்குப் பெருநகர் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு கழனிக்குப் போயிருந்தோம். எங்களுக்குப் புது இடம். நடவு மெஷின் இறங்க முடியாதபடி வளைந்து நெளிந்த கழனி. நான் குனிந்து முதல் நாற்றை ஊன்றியதை வரப்பில் நின்ற நிலத்துக்காரர் பார்த்துவிட்டார்.

"யம்மா, மொத நாத்தயே பீச்சாங்கையில வெக்கிறியே, வெளங்குமா? நீ மேல ஏறு. மத்தவங்க நடட்டும்."

ஏறினேன். நான் வாயில்லாதவள் இல்லை. ஆனால் அன்று நாற்றுக்கட்டை வரப்பில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். ஒரு நாள் கூலி போனால் போகட்டும். இனி எந்தக் கழனிக்கும் அக்கா என்னைக் கூப்பிட மாட்டாரே என்பதுதான் என் பயம்.

கீழே ஒருத்தியும் நடவில்லை. மற்ற பதினோரு பேரும் நாற்றும் கையுமாகச் சேற்றில் நின்றார்கள்.

"இன்னா நிக்கிறீங்க?" என்றார் நிலத்துக்காரர்.

அக்கா நிதானமாகச் சொன்னார். "அவளப் பாத்துக்கினுதாண்ணா நாங்க வரிச புடிக்கிறோம். வரப்பு வேற கோணிக்கினு கீது. அவ இல்லன்னா உங்க கழனி பூரா கோணலாத்தான் வரும். அவ மேல நின்னா நாங்களும் ஏறிக்கிறோம்."

பிடுங்கிய நாற்று வெயிலில் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னாவோ பண்ணுங்க" என்று துண்டை உதறிக்கொண்டு மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

நான் இறங்கினேன். என்னைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்று இந்தப் பதினோரு பேருக்கும் அத்தனை வருடமாகத் தெரிந்திருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெருமைதான், வேறென்ன. அன்றைக்கு நட்டது போல அதற்கு முன் நான் நட்டதில்லை.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்காவிடம் சண்டைக்கே போனேன். "இத்தினி வருசமா ஏங்க்கா என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா உனக்குத் தலகால் புரியாது. அதான்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். மறுநாள் கழனியில் யாரும் சொல்வதற்கு முன்பே போய் வரப்போரம் நின்றுகொண்டேன். இன்று வரை தலைகால் புரியவில்லை.