கொடி எண்ணிய ஞாயிறுகள்

ஆடி மழைக்குப் பிறகு எங்கள் மிளகுக் கொடிகள் ஓடையோரத்தில் வாடத் தொடங்கின. வேரழுகல். தோட்டக்கலை ஆபீசில் கேட்டிருக்கலாம். ஆளிடம் பேச வேண்டுமே என்ற கூச்சத்தில், செத்த கொடிகளை எண்ண ஆரம்பித்தேன்.

கல்லூரியில் கணக்குப் படிக்கும் மகள் என் போனில் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து, பத்து வரி நிரலும் எழுதி வைத்திருந்தாள். எண்களைப் போட்டுப் பொத்தானைத் தொட்டால், எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் படம் வரைந்து அனுப்பும். ஒரு கமா விட்டுப்போனாலும் சிவப்பு எழுத்தில் திட்டும். யாரும் பார்க்காத திட்டு என்பதால் தாங்கிக்கொண்டேன்.

ஞாயிறுதோறும் ஓடையோரத்தில் தொடங்கி, மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறி, கடைசியில் மேலே அக்காவின் தோட்டத்தையும் எண்ணுவேன். மாமா இறந்த பிறகு அந்த நூறு கொடிகள்தான் அவளுக்குச் சோறு.

"ஏனுங்க, செத்த கொடிய எண்ணுனா எந்திரிச்சு உக்காந்துக்குமாங்க?" என்று மனைவி சிரித்தாள்.

ஐந்தாவது ஞாயிறு, சிக்னல் கிடைக்கும் பாறைமேல் நின்று படத்தை வரவழைத்தேன். கொடி செத்த அடுக்குகள் கட்டம் கட்டமாக, வாரம் வாரமாகச் சிவந்தன. மழைத்தண்ணீரோடு கீழே இறங்கும் நோய் என்பார்கள். இது மேலே ஏறிக்கொண்டிருந்தது. சரிவு அதிகம் என்று நான் கால் வைக்காமல் தூரத்திலிருந்து எண்ணிய மூலையில் மட்டும் ஒரு கொடியும் சாகவில்லை.

மகளுக்குப் போன் செய்தேன். "கணக்குல தப்பிருக்குமா கண்ணு?"

"தப்பில்லீங்கப்பா. நீங்க எந்த வழியா நடந்து எண்ணுனீங்க?"

குனிந்து பார்த்தேன். ஓடையோரத்துச் சேறு கணுக்கால் வரை அப்பியிருந்தது. நோய் இருப்பதே அந்த மண்ணில்தான். அதோடுதான் சற்று முன் அக்காவின் தோட்டத்துக்குள்ளும் போய்விட்டு வந்திருந்தேன். அவள் கட்டங்கள் இன்னும் வெள்ளையாகவே இருந்தன.

மறுநாள் காலையில் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனேன். அக்காவின் வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டேன்.

"உள்ள வா சாமி," தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "இங்க ஒரு கொடி எல தொங்கிக் கெடக்குது. என்னன்னு பாரு."

"அக்கா, அங்கயே நில்லு. நடக்காத. கொடிச் சீக்கு என் கால் சேத்துலதான் வந்துருக்குது."

காற்றில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. என்ன என்று கேட்டுக்கொண்டே, செருப்பில்லாமல், மண் ஒட்டிய ஈரக்காலோடு, கொடிகளுக்கு நடுவே பாதித் தோட்டம் வந்துவிட்டாள்.