இரண்டு உதைக்கு இரண்டு நியாயம்

அப்பாவின் கையெழுத்து மட்டும் கோழி கிளறியதுபோல் இருந்திருந்தால் அந்த வருடம் எங்களுக்கு ஒரு தொல்லையும் வந்திராது. அவர் அச்சடித்ததுபோல் எழுதுவார். நாவலப்பிட்டியில் தோட்டங்களுக்கு அரிசியும் உரமும் அனுப்புகிற ஒரு கம்பனியின் களஞ்சியத்தில் அவர் கணக்கெழுதும் கிளாக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. வேலை தேடி வந்து எங்களோடேயே தங்கிவிட்ட மாமா, அம்மாவின் தம்பி, வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்த ஊரில் கண்டுபிடித்திருந்தார். அதில் முதலாவது உதைபந்தாட்டம்.

ஊரில் ஒரு பந்தாட்டச் சங்கம் இருந்தது. தலைவர் ஒரு தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரப் பெரியதுரை. கமிட்டியில் அவருடைய சிநேகிதர்கள் நாலு பேர். கூட்டக் குறிப்பு எழுத அழகான கையெழுத்து வேண்டுமென்று அப்பாவைக் காரியதரிசியாக்கினார்கள். மேசையின் கடைசிக் கதிரை அவருக்கு. அங்கே அவர் வாய் திறப்பதில்லை, எழுதுவார். சங்கத்தின் அறிவித்தல் பலகை சந்தியிலிருந்த நானாவின் கடைச் சுவரில் தொங்கியது. அக்குறணையிலிருந்து வந்து கடை போட்ட முஸ்லிம் அவர். ஊர் முழுவதும், கிழவர்கள் உட்பட, அவரை நானா, அதாவது அண்ணன், என்றே கூப்பிட்டது.

அந்த வருடம் மழை தொடங்கியபின் ஊர் அணிக்கும் துரைமார் அணிக்கும் ஆட்டம் நடந்தது. துரைமார் சப்பாத்துப் போட்டு விளையாடுவார்கள். நம்மவர்களில் பெரும்பாலானோர் வெறுங்கால். மாமா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு, அட்டை ஏறாமலிருக்கச் சவர்க்காரம் தடவிய காலோடு நின்றார். எங்கள் கோல் காப்பாளர் பண்டா, ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். உருண்டு வந்த பந்தை அவர் குனிந்து இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு அணைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் தோட்டத்து உதவி அதிகாரியான ஒரு சின்னத்துரை ஓடிவந்து காலை வீசினார். மூங்கில் முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மாமாவின் தோள் எனக்குக் கீழே ஒருதரம் குலுங்கியது.

களஞ்சியத்துத் தள்ளுவண்டியில் கால் முறிந்த பண்டாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். நடுவர் சின்னத்துரையிடம் ஏதோ சொன்னார். சின்னத்துரை தலையாட்டினார். ஆட்டம் தொடர்ந்தது. கமிட்டி கூடியது என்று கேள்வி. என்ன முடிவு என்று யாருக்கும் தெரியாது. பலகையில் ஒன்றும் வரவில்லை.

ஐந்து கிழமை கழித்து அதே இரண்டு அணியும் மறுபடி மோதின. இந்த முறை எங்கள் பக்கத்தில் முத்தையா. அப்பாவின் களஞ்சியத்தில் மூட்டை தூக்குகிறவர். இரண்டு அரிசி மூட்டையை ஒரே தடவையில் தூக்குவார், ஆனால் என்னைக் கண்டால் வெட்கப்பட்டுச் சிரிப்பார். உயரமாக வந்த பந்துக்கு அவரும் ஒரு துரையும் எழும்பினார்கள். பந்து தாண்டிப் போய்விட்டது. முத்தையாவின் முழங்கால் துரையின் விலாவில் இறங்கியது. விழுந்த துரையின் கை முறிந்தது. அது தற்செயலாக நடந்தது என்று பல வருடம் நான் வாதாடியிருக்கிறேன். தோளின் உயரத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையில் இப்போது சொல்கிறேன், அது தற்செயல் இல்லை.

முத்தையாவை உடனே வெளியே அனுப்பினார்கள். அடுத்த திங்கட்கிழமை பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

அப்பாவின் கையெழுத்து. மேலே ஆங்கிலம், கீழே தமிழ். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு தீர்மானம். முதலாவது, சின்னத்துரை பந்தை விட்டு ஆளைத் தாக்கி ஒருவருக்கு எலும்பு முறிவு ஏற்படுத்தியமை, தண்டனை எச்சரிக்கை. இரண்டாவது, முத்தையா பந்தை விட்டு ஆளைத் தாக்கி ஒருவருக்கு எலும்பு முறிவு ஏற்படுத்தியமை, தண்டனை இரண்டு வருடத் தடை.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடைக்கு முன்னால் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். நானா நடுவில் நின்றார்.

"எனக்கு இங்கிலீசு தெரியாது, தமிழ் தெரியும்," என்றார் அவர். "ரெண்டுலயும் ஒரே சொல்லுதானே எழுதி ஈக்கு? அப்ப தண்டனை மட்டும் என்னத்துக்கு ரெண்டு விதம்?"

"தொர காலு ஒசந்த காலு நானா!" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்.

சிரிப்பு எழவில்லை. முதலில் கமிட்டியைத் திட்டினார்கள். கமிட்டி ஆட்கள் மலையுச்சியில் பங்களாக்களில் இருந்தார்கள், திட்டு அவ்வளவு தூரம் எட்டாது. கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது எழுதியவர்தான். கிளாக்கருக்கு வெட்கமில்லையா, இதை எழுதக் கை வந்ததா என்று பேச்சுத் திரும்பியது. அடுத்த நாள் வகுப்பில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்த பெண், "ஒங்கப்பாதானே முத்தையா மாமாவ வெரட்டி எழுதுனாரு?" என்று கேட்டாள். அவளுடைய அப்பாவும் மூட்டை தூக்குகிறவர். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

வீட்டிலும் அமைதியில்லை. மாமா சோற்றுக்கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, "அத்தான், நீங்கள் எழுதமாட்டன் எண்டு சொல்லியிருக்கலாம்," என்றார். அப்பா மோரை ஊற்றிப் பிசைந்தபடி, "எழுதாட்டி ஒருத்தருக்கும் தெரியாமல் போயிருக்கும்," என்றார். அம்மா, "உங்களுக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை?" என்றாள். அவள் ஒருத்திதான் அன்று உண்மையாகவே பயந்திருந்தாள். அந்தப் பயம் எதற்கென்று நான் யோசிக்கவில்லை.

நான் யோசித்தது வேறு. அந்தத் தாள் இல்லாமல் போனால் கோபமும் போய்விடும். புதன்கிழமை பள்ளி விட்டதும் மழை கொட்டியது. சந்தியில் ஆளில்லை. பலகைக்கு முன்னால் கிடந்த வெற்றுப் பெட்டியில் ஏறி, தாளை இழுத்துக் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தேன். இறங்கித் திரும்பினால் நானா நின்றார்.

"என்ன மகள், கிழிச்சிப் போட்டீங்களா?"

அழுகை வந்தது. அவர் ஏசவில்லை. குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்து, அவர் நனைந்துகொண்டு, நேராக அப்பாவின் களஞ்சியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் அப்பா எழுதிக்கொண்டிருந்தார். நனைந்து மை கரைந்த தாளை மேசையில் வைத்தேன்.

"ஏன் பிள்ளை கிழிச்சனீ?"

"எல்லாரும் உங்களைப் பேசினம்."

"என்னையோ? என்னெண்டு பேசினம்?"

"ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை எழுதினதெண்டு."

அப்பாவின் முகம் மலர்ந்தது. நானாவைப் பார்த்தார். "எல்லாரும் வாசிச்சிட்டினமோ?" என்று கேட்டார்.

"தோட்டத்துல இருந்தும் ஆக்கள் வந்து வாசிச்சிட்டுப் போறாங்க கிளாக்கர்," என்றார் நானா.

ஊரே திட்டுகிறது என்று கேட்டுச் சந்தோசப்படுகிற ஒரு மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் புதுத் தாள் எடுத்து, அதே இரண்டு தீர்மானத்தையும் முன்னையதைவிடப் பெரிய எழுத்தில் எழுதினார். மை காயும்வரை ஊதினார். பிறகு என்னிடமே கொடுத்து, "கிழிச்ச கையாலேயே ஒட்டிப்போட்டு வா," என்றார். நானா பசை தந்தார். அப்பாவின் மேல் எனக்கு வந்த கோபம் சின்னதல்ல.

மூன்றாவது ஆட்டம் கோப்பைக்கானது. அதற்கு முந்தின நாள்களில் கடையில் ஆலோசனை நடந்தது. மாமா உட்பட இளந்தாரிகள் கல்லெறிவது என்று முடிவெடுத்திருந்தார்கள். நானா தேநீர் ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"கல்லெறிஞ்சா முத்தையாக்குத் தடை நீங்குமா? பொலிசு வந்து ஒங்களுக்கும் ஒரு தடை போடுவானுகள்."

"அப்ப ஒருத்தரும் போகாமல் விடுவம்," என்றார் மாமா.

"மழைக்குப் பயந்து வரல்லண்டு நெனப்பானுகள். போகோணும். போய்ப் பாக்காம ஈக்கோணும்."

அப்படித்தான் நடந்தது. அந்தச் சனிக்கிழமை மைதானத்தைச் சுற்றி அதுவரை கண்டிராத கூட்டம். மூட்டைக்காரர்கள், கடைக்காரர்கள், ரயில் ஆட்கள், அரைநாள் வேலை முடித்து மலையிலிருந்து இறங்கிய தோட்டத்துச் சனங்கள். நடுவர் விசில் ஊதியதும் எல்லாரும் ஒன்றாக மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள். சத்தமில்லை. சப்பாத்து பந்தில் படுகிற ஓசையும் சேறு சளசளக்கிற ஓசையும்தான் கேட்டன. எதிர்மலையில் ஏறிக்கொண்டிருந்த ரயிலை எல்லாரும் வெகு அக்கறையாகப் பார்த்தார்கள்.

பத்து நிமிடத்தில் மாமாவுக்குக் கழுத்து நடுங்கத் தொடங்கியது. குனிந்து என் காதில் சொன்னார்: "நீ சின்னப்பிள்ளை, நீ திரும்பினால் பரவாயில்லை. பார்த்துச் சொல்லு."

நான் பார்த்துச் சொன்னேன். மாமா பக்கத்து ஆளிடம் சொன்னார். அவர் அடுத்த ஆளிடம். நம்மவர்கள் கோல் போட்டபோது அந்தச் செய்தி முணுமுணுப்பாக மைதானத்தைச் சுற்றி ஓடியது. ஒரு முதுகுகூடத் திரும்பவில்லை, ஆனால் பல முதுகுகள் குலுங்கின.

அப்போதுதான் துரைமாருக்குப் போட்டிருந்த படங்குத்துணிக் கொட்டகைக்குக் கீழே அப்பாவைக் கண்டேன். பெரியதுரைக்குப் பக்கத்தில், கடைசிக் கதிரையில், மைதானத்தை நேராகப் பார்த்தபடி இருந்தார். எங்கள் ஆட்களில் அவர் ஒருவர்தான் திரும்பவில்லை. அதை மட்டும் நான் மாமாவிடம் சொல்லவில்லை.

இடைவேளையில் சின்னத்துரை எல்லைக் கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். முத்தையா எங்களுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். சின்னத்துரை தோட்டத்தில் பழகிய தமிழில், "என்னா இது?" என்று கேட்டார்.

முத்தையா திரும்பவில்லை. எதிர்மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நானா கடச் சொவத்துல போர்டு இருக்கு தொர. போயி வாசிச்சிப் பாருங்க."

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்றாக முடிந்தது. கோப்பை ஒருவருக்கும் கொடுக்கப்படவில்லை. நாங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது சின்னத்துரை சேற்றுச் சப்பாத்தோடு பலகைக்கு முன்னால் நின்றார். குடையில்லை. விரலை முதல் வரியில் வைத்து வாசித்தார், இரண்டாவது வரியில் வைத்து வாசித்தார். பிறகு மறுபடி முதல் வரிக்குப் போனார். கடை வாசலில் நின்றவர்கள் அவருக்கு வழிவிட்டார்கள்.

அடுத்த கிழமை கமிட்டி கூடியது. பலகையில் புதிய தாள் வந்தது. இனிமேல் யார் தாக்கினாலும் குற்றத்துக்கு ஏற்ற ஒரே தண்டனை. முத்தையாவுக்கு ஆறு ஆட்டம் தடை. சின்னத்துரைக்கும் ஆறு ஆட்டம். சின்னத்துரையே கூட்டத்துக்கு வந்து, அவனுக்குக் கொடுப்பதை எனக்கும் கொடுங்கள் என்று கேட்டதாக ஊரில் ஒரு பேச்சு. நானா நம்பினார், மாமா நம்பவில்லை. அப்பாவிடம் கேட்டதற்கு, "கூட்டத்தில் பேசினது கூட்டத்தோட," என்றார். பண்டாவின் கால் எலும்பு கூடியது, ஆனால் முன்போல் ஓட முடியவில்லை. வருடக் கடைசியில் அவரைக் கமிட்டியில் சேர்த்தார்கள். அந்த மேசையில் வெறுங்காலோடு உட்கார்ந்த முதல் மனிதர் அவர்தான் என்று மாமா சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தைமாதம் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. தலைமன்னார்த் துறையில் கம்பனிக்கு ஒரு சின்னக் கொட்டில் இருந்தது, அங்கே. கடல் பார்க்கப்போகிறேன் என்று நான் குதித்தேன். அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டியபடி அழுதாள். வளர்த்த கோழிகளை விட்டுப் போவதற்காக என்று நினைத்து, அங்கேயும் கோழி வளர்க்கலாம் அம்மா என்று ஆறுதல் சொன்னேன்.

மாமா எனக்கு உண்மையைச் சொன்னது நான் கலியாணமாகிப் பிள்ளை பெற்றபின். சின்னத்துரைக்குக் கொடுத்த எச்சரிக்கையைக் குறிப்புப் புத்தகத்தோடு விட்டுவிடும்படியும், முத்தையாவின் தடையை மட்டும் ஒட்டும்படியும் பெரியதுரை சொல்லியிருந்தாராம். தமிழில் எழுதச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. கம்பனியின் வாடிக்கைக்காரர்கள் தோட்டத்துத் துரைமார்தான் என்பது அப்பாவுக்குத் தெரியாததல்ல.

நாங்கள் புறப்பட்ட காலை ஸ்டேசனில் நிற்க இடமில்லை. முத்தையா எங்கள் அலுமாரியைத் தனியாளாகச் சுமந்து வந்து ஏற்றினார். பண்டா தடியூன்றி வந்திருந்தார். நானா ஒரு பனையோலைப் பெட்டி நிறையத் தொதல் இனிப்புத் தந்தார். வகுப்பில் பேசாமல் விட்ட பெண், தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து என் ஜன்னலுக்குக் கீழே நின்றாள்.

"போயிட்டு வாங்கய்யா," என்றார் முத்தையா. "அடுத்த மாசம் எறங்கி வெளையாடப் போறேன்."

"முழங்காலைக் கீழ வைச்சு விளையாடு," என்றார் அப்பா.

முத்தையா வெட்கப்பட்டுச் சிரித்தார். ரயில் நகர்ந்தபோது எல்லாரும் எங்களை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாற்றலாகிப் போகிற எல்லாரையும் ஊர் இப்படித்தான் வழியனுப்பும் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அதனால்தான் தலைமன்னாரில், எங்கள் கொட்டிலில் வேலைசெய்த இன்னொரு கிளாக்கர் மாற்றலாகிப் போன நாளில், நல்ல சட்டை போட்டு, தலைவாரி, நேரத்தோடு ஸ்டேசனுக்குப் போனேன். அவரும் மனைவியும் இரண்டு பெட்டியும் ஒரு நாயும்தான் நின்றார்கள். ரயில் வந்தது, ஏறினார்கள், போய்விட்டார்கள். வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம், "ஏன் ஒருத்தரும் வரேல்லை?" என்று கேட்டேன்.

அப்பா எழுதுகோலைக் கீழே வைத்தார்.

"இந்த ஊரில் உதைபந்து விளையாட ஒரு மைதானம் இல்லையெல்லோ பிள்ளை," என்றார்.

அடடா, அதுதானா என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.