'நிரந்தர முகவரியும் இதுவே'

ஓசூரில் நான் பார்க்கும் வேலையை ஊரில் உள்ளவர்களுக்கு விளக்க முயன்று தோற்றுவிட்டேன். தொழிற்சாலைகளில் சேருகிறவர்கள் கணினியில் நிரப்பும் விண்ணப்பப் பக்கங்களைச் செய்கிறேன். தற்போதைய முகவரிக்குக் கீழே, 'நிரந்தர முகவரியும் இதுவே' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால் நிரந்தர முகவரிப் பெட்டிகள் சாம்பல் நிறமாக மங்கி, என்ன தட்டினாலும் அசையாமல் கிடக்கும். டிக்கை எடுத்தால் உயிர் வந்துவிடும். நாள் முழுக்க இதைப் போட்டும் எடுத்தும் பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை என்னாலேயே இன்னும் நம்ப முடியவில்லை.

விளாத்திகுளம் பக்கம் எங்கள் கரிசல் கிராமத்தில் அப்பா பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதினால் தபால் வந்துவிடும். அப்பா போன பிறகு, தம்பியும் நானும் வீட்டை விற்றுவிட்டு அம்மாவை இங்கே அழைத்து வந்தோம். இந்தக் குளிர் அவளுக்குப் பிடிக்கவே இல்லை. "என்ன ஊருய்யா இது, வெயிலுக்குக்கூடப் பஞ்சமா?" என்று ஸ்வெட்டருக்குள் முனகுவாள்.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா பக்கத்துத் தளி ஊர்க்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். ஒருநாள் அவரைக்காய் கொண்டுவந்து கொடுத்தவர், "நிம்ம மனெ எல்லி அம்மா?" என்று அன்பாகக் கேட்டார். வீடு எங்கே என்று கேட்கிறார். அம்மா காதில் அது மனை என்று விழுந்தது.

"மனையெல்லாம் ஏது தாயி? இருந்த வீட்டையும் வித்தாச்சு."

"அய்யோ, மனெ இல்வா?" என்று அவர் பதறி என்னைப் பார்த்தார். விளக்க வாயெடுத்தேன். விளக்க என்ன இருக்கிறது? அம்மா சொன்னது உண்மைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை, அம்மாவைக் கம்பெனிக் காப்பீட்டில் சேர்ப்பதற்காக, நான் செய்த பக்கத்தை நானே நிரப்ப வேண்டியதாயிற்று. பழைய விவரத்திலிருந்து நிரந்தர முகவரிப் பெட்டியில் ஊர்ப் பெயர் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. கட்டத்தில் டிக் போட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா குனிந்து பார்த்தாள்.

"ஊரு பேரு ஏன்யா மங்கிப்போச்சு?"

"அது சும்மா தெரியும்மா. அனுப்புனா அது மட்டும் போகாது."

உண்மையில் அப்படித்தான். மங்கிய பெட்டியில் இருப்பதைக் கணினி திரையில் காட்டும், அனுப்பும்போது விட்டுவிடும்.

அம்மா, நாளைக்கு என்ன சமையல் என்று கேட்பதுபோல் கேட்டாள்: "அப்ப நான் செத்தா என்னைய எங்க கொண்டுபோவ?"

"அங்க நமக்கு வீடு இல்லியேம்மா."

"வீடு இல்லேன்னா என்னய்யா? உங்கப்பாவ எரிச்ச எடம் இருக்குல்ல."

டிக்கை எடுத்தேன். ஊர்ப் பெயர் கறுத்துத் தெளிந்தது. உடனே பக்கத்துப் பெட்டி சிவந்து, கதவு எண் இல்லாமல் ஏற்க முடியாது என்றது. அப்படிச் சொல்லும்படி எழுதியவனும் நான்தான். மறுபடி டிக் போட்டேன்; மறுபடி எடுத்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. திரையில் ஊர் மங்குவதையும் தெளிவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.