இடது பின்சக்கரத்து நட்டு

2024 மார்ச் 16, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரும் நாள். தொட்டியையும் குடங்களையும் நிரப்பினேன். பால் காய்ச்சி, துணி ஊறவைத்து, இட்லி ஊற்றினேன். பள்ளி அலுவலகம் விடுமுறை என்பதால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதில்லை.

ஒன்பது மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கொழுந்தன் வந்தார். லாரிப் பட்டறை வைத்திருப்பவர். இங்கே ராஜபாளையத்து வீட்டு ஷெட்டில், என் கணவர் ஆசையாக வாங்கிப்போட்ட பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. இடது பின்சக்கரத்தில் பிரேக் இறுகிவிட்டதால் வண்டியை நகர்த்த முடியாது. அந்தக் கம்பிச் சக்கரத்தை நடுவில் ஒரே பெரிய நட்டு பிடித்திருக்கிறது. அதற்கு இரண்டு காதுகள். காதில் சுத்தியலால் அடித்துத்தான் சுழற்ற வேண்டும். நட்டைக் கழற்றி, சக்கரத்தை எடுத்து, உள்ளே அது மாட்டியிருக்கும் ஹப்பையும் இழுத்தால்தான் பிரேக்கைத் தொடலாம். தை மாதம் ஒரு காலை, பல நாளாக அடித்தும் அசையாத அந்தக் காதை அடித்துக்கொண்டிருந்தபோதுதான் என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

ஷெட்டுக்குள் போனால் ஏதாவது தோன்றும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. தரையில் கிடந்த செம்புச் சுத்தியலைத் துடைத்துக் கொடுத்தேன்.

வெகுநேரம் அடித்தும் நட்டு அசையவில்லை.

“வெள்ளக்காரன் நாட்ட விட்டுப் போயிட்டான், நட்ட விடமாட்டேங்கான் மதினி,” என்றார். கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து நட்டைச் சூடாக்கினார். அதன்மேல் யாரோ தடிமனாக அடித்திருந்த கறுப்புப் பெயின்ட் கொப்பளித்து உரிந்தது. பழந்துணியால் துடைத்தேன். அடியில் ஆங்கில எழுத்து தெரிந்தது.

“என்ன எழுதிருக்கு?”

“கழத்த இந்தப் பக்கம்னு அம்பு போட்டிருக்கு, தம்பி.”

அம்பு, அவர் அடித்த திசைக்கு நேர் எதிராக இருந்தது.

கொழுந்தன் டார்ச்சை அணைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “லாரில இடப்பக்க நட்டுக்கெல்லாம் மரை தலைகீழாத்தான் இருக்கும், எதிர்ப்பக்கம் சுத்தினாத்தான் கழலும். அண்ணன் போன்ல கேட்டாக. அதே மாதிரி அடிங்கன்னு நாந்தான் சொன்னேன்.” நட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப அம்புட்டு நாளும் இறுக்கிக்கிட்டுல்ல இருந்திருக்காக.”

“அடைப்பு ரொம்ப நாளா இருந்துச்சுன்னு டாக்டர் சொன்னாரு.”

“அடிக்காம இருந்திருந்தா?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாததைச் சொல்லிப் பழக்கமில்லை. “அம்பு காட்டுற பக்கம் அடிங்க தம்பி, சூடு ஆறிரும்,” என்றேன்.

அடித்தார். நட்டு கிறீச்சிட்டு அசைந்தது; பிறகு கையாலேயே சுழன்று வந்தது. சக்கரத்தை ஆட்டி ஆட்டி இருவருமாக வெளியே இழுத்தோம். ஹப் துருப்பிடித்து அப்படியே நின்றது. அதை இழுக்கப் புல்லர் கொண்டுவந்திருந்தார். அந்தக் கருவியை அவர் கையில் எடுக்கவில்லை.

“மிச்சத்துக்கு வேற ஆளப் பாத்துக்கிடுங்க மதினி. என் கை இதுல பட வேண்டாம்,” என்றார். புல்லரை அங்கேயே போட்டுவிட்டு, சாப்பிடாமலே போய்விட்டார். இட்லியை மூடி வைத்தேன். ஊறிய துணியைத் துவைத்துக் காயப்போட்டேன். மத்தியானம் தூங்கினேன்.

மறுநாள் காலை, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே, முதல் வேலையாகக் கொழுந்தனுக்குப் போன் செய்தேன்.

“ஹப்பு இன்னும் வரல தம்பி. வேற யாருக்கும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீங்கதான் வந்து எடுக்கணும்.”

போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

“புல்லர் அங்கனதான கெடக்கு?” என்று கேட்டார்.

“ஆமா,” என்றேன்.