வெயிலடித்த நாளில் வந்த வெள்ளம்

சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை. பம்மலில் சர்ச் முடிந்ததும், கோவிலம்பாக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு மாவுக்கட்டோடு படுத்திருந்தார். விடாமல் கொட்டிய மழை முந்தின நாளே ஓய்ந்திருந்தது. சுள்ளென்று வெயில். அக்கா துணிகூடக் காயப்போட்டிருந்தாள்.

சாப்பிட உட்காரப் போகும்போது பாத்ரூமில் களக் களக் என்று சத்தம். போய்ப் பார்த்தால், தண்ணீர் வெளியேறுகிற ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே பொங்கி வந்துகொண்டிருந்தது. சாக்கடை நாற்றம் இல்லை. வெறும் சேற்று வாசனை.

"வெயில் அடிக்குது, இது எங்கேர்ந்துடி வருது?" என்றாள் அக்கா. இருவரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதற்குள் வாசல் வழியாகவும் நுழைந்துவிட்டது. ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் அந்த வீடு பள்ளத்தில் இருந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் முழங்கால் அளவுத் தண்ணீர். சோபா பக்கத்தில் விரல் நீள மீன் ஒன்று நீந்திப் போனது. அப்போதுதான் உறைத்தது, எங்கோ ஏரி நிரம்பி வழிகிறது.

மாமா நல்ல கனம். இருவரும் தூக்கிப் பார்த்தோம், முடியவில்லை. மெத்தையின் ஓரம் நனைய ஆரம்பித்தது. "என்னை விடுங்க, நீங்க மாடிக்குப் போங்க" என்றார் மாமா. அக்கா அவர் கையை விடாமல் அழுதாள்.

ஆள் யாராவது கிடைப்பார்களா என்று மொட்டைமாடிக்கு ஓடினேன். தெருவே ஆறாக இருந்தது. பின்பக்கம் திரும்பினால் ஆச்சரியம்! மதிலுக்கு அந்தப் பக்கம் தரை காய்ந்து கிடந்தது. கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அதற்கும் பின்னால் காலி நிலம் சரிந்து கால்வாயில் முடிந்தது. தண்ணீரை அந்த மதில்தான் மறித்து எங்கள் பக்கமே தேக்கி வைத்திருந்தது. அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம் ஒன்று தங்கள் இடத்தைச் சுற்றிப் புதிதாகக் கட்டிய மதில் அது.

மாடியிலிருந்தே கத்தினேன். பனியன் போட்ட ஒருவர் வெளியே வந்தார்.

"அண்ணா, மாமாவால நடக்க முடியாது. யாராவது வந்து தூக்கி விடுங்களேன்!"

அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. வெள்ளத்தை உங்கள் வீட்டுப் பக்கம் விடுங்கள் என்று எப்படிக் கேட்பது?

அவர் ஏணி போட்டு ஏறி எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தார். இறங்கிப் போனவர், கடப்பாரையோடு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி.

"இன்னா பண்ற நீ? தண்ணி மொத்தமும் நம்ம பக்கம் வந்துடும்!"

"இங்க வந்தா போயிடும். அங்க நின்னுகினே கீது. நீ கோழிங்கள புடிச்சி உள்ள போடு."

 அந்த அம்மா கோழிகளைத் துரத்திப் பிடிக்க ஆரம்பித்தார். ஓரமாக நின்றுகொண்டு அந்த அண்ணன் இடித்த இடிகளில் மதிலின் அடியில் ஒரு கல் பெயர்ந்தது. அந்த ஓட்டையில் தண்ணீர் பீறிட்டது. பிறகு மதிலில் ஒரு பகுதியே சரிந்தது. அவர்களின் கீரைப்பாத்தி கண்ணெதிரே கரைந்து, அடுக்கியிருந்த விறகு கால்வாயை நோக்கி மிதந்து போனது.

கீழே ஓடினேன். மெத்தையைத் தொட்டிருந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் அந்த அண்ணன் மதில் உடைந்த இடம் வழியாகவே உள்ளே வந்து, மாமாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார். மூவருமாகத் தூக்கிக்கொண்டு உயரமான அவர்கள் வீட்டுத் திண்ணைப் படிகளில் ஏறினோம். அந்த அம்மா எங்களுக்குச் சுடச்சுட ரசம் சாதம் போட்டார்.

நான் கேட்கத் தயங்கியதை, கேட்காமலே அந்த அண்ணன் செய்தார். என் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் யாராவது அப்படி நின்றிருந்தால் நான் கடப்பாரையை எடுத்திருப்பேனா என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். எடுத்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல இன்றுவரை துணிவு வரவில்லை.