அம்மா பாடிய கேசட்

அட்டையில் அம்மன் படம் இருந்தது. கேசட் போட்ட முதலாளியின் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது. பாடியவர்கள் என்ற இடத்தில் மட்டும் ‘கிராமியக் குழுவினர்’ என்று போட்டிருந்தது. குழுவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பாடினது ஒரே ஒருத்தி. அவள் என் அம்மா.

பழைய கேசட் தேடுவது எனக்கு ஒரு கிறுக்கு. நான் வாக்கப்பட்ட கொண்டப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறிச் சேலம் டவுனுக்குப் போய், ரேடியோ ரிப்பேர் பார்க்கும் பாய் கடையில் சாக்குமூட்டைகளைக் கொட்டிக் கிளறுவேன். சினிமாப் பாட்டு எனக்கு வேண்டாம். கேசட் புதிதாக வந்த காலத்தில் உள்ளூர்க் கம்பெனிக்காரர்கள் டேப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த பாட்டுகள்தான் வேண்டும். உடுக்கைப் பாட்டு, நடவுப் பாட்டு, சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவர்கள் வழியெல்லாம் பாடும் பாட்டு. பின்னால் நாய் குரைக்கும், யாரோ இருமுவார்கள். ஓமலூர்ப் பக்கத்து மாட்டுக்காரர் ஒருவர் பாட்டை நடுவில் நிறுத்தி, மாட்டை நன்றாக வைதுவிட்டு, விட்ட இடத்திலிருந்து எடுப்பார். பாட்டைவிட அந்த வசவு எனக்குப் பிடிக்கும். அவருக்கும் அட்டையில் பேர் கிடையாது. இன்றைக்கு அதே பாட்டைக் கல்யாண மண்டபத்தில் பாடுகிறவர்களுக்குப் பேனரில் ஆளுயரத்துக்குப் பேர் போடுகிறார்கள்.

ஆனால் நான் உண்மையில் தேடியது ஒரு கேசட்டைத்தான்.

நாமக்கல் பக்கம் நான் பிறந்த ஊரில் அம்மாவின் ஒப்பாரி பிரசித்தம். சொந்தத்தில் எழவு விழுந்தால் மாலை வாங்கும் முன்பே அவளுக்குச் சொல்லி அனுப்புவார்கள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அதைக் கேள்விப்பட்டு ஒரு கேசட் கம்பெனி வேன் வந்தது. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது, பாடினால் அடுத்த எழவைக் கூப்பிட்ட மாதிரி. அதனால் வயக்காட்டுக்குக் கூட்டிப்போய்க் கிணற்று மேட்டில் உட்கார வைத்துப் பாட வைத்தார்கள். முடித்துவிட்டு வந்தவள், எழவு வீட்டுக்குப் போய் வந்த மாதிரியே, வாசலில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தாள்.

அப்பாவுக்கு அது போதவில்லை. “சாவுப் பாட்டைக் கடையில விக்கக் குடுத்துட்டு வந்திருக்கறா” என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அதற்குப் பிறகு அம்மா எந்த எழவிலும் பாடவில்லை. அப்பா செத்தபோதும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, திருப்தியாகத்தான் இருந்தது.

பிறகு அம்மாவுக்கு வாதம் வந்து பேச்சு நின்றுபோனது. காது கேட்கும், எல்லாம் புரியும். ஒரு சொல் வராது. அண்ணன் வீட்டில் கட்டிலோடு கிடந்தாள். அவள் குரல் எப்படி இருந்தது என்பதை அவளை ஒரு தடவையாவது கேட்க வைக்க வேண்டும் என்றுதான் நான் மூட்டைகளைக் கிளறத் தொடங்கினேன்.

கிடைத்தது. பாய் டேப்பில் போட்டதும் முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. பாட்டு முடிந்த பிறகு பதிவானதை வெட்ட மறந்திருந்தார்கள். அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டுச் சிரிக்கிறாள். “போதுங்களா? மாட்டுக்குத் தண்ணி காட்டோணும். நா வாரேனுங்க” என்கிறாள்.

“யாரும்மா இது?” என்றார் பாய்.

“எங்கம்மாங்க.”

அவர் எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து போட்டார். சத்தமில்லாத கடையில் உட்கார்ந்து அழுதேன். என் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தார்.

மறுநாளே ஊருக்குப் போனேன். அம்மாவின் காதில் இயர்போனை மாட்டிவிட்டேன். போனைத் தொடுவதற்குள் அண்ணி வந்து, என்ன என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் வெடுக்கென்று ஒயரைப் பிடுங்கிவிட்டாள். அண்ணனைக் கூப்பிட்டாள்.

“ஏ அம்மிணி, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? உசுரோட இருக்கறவளுக்கு ஒப்பாரியா?” என்றான்.

“ஊட்டுல வேண்டாங்கண்ணா. கிணத்து மேட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“எங்க போனா என்ன? நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா ஊரு என்னையத்தான பேசும்?”

“செரி, பாட்டு வேண்டாம். கடைசில பேசறது மட்டும் கேக்கட்டும். தண்ணி காட்டோணும்னு சொல்றா, அவ்வளவுதான்.”

“அதுவும் அந்தக் கேசட்டுல இருக்கறதுதான?”

கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் காப்பித் தண்ணிக்குமேல் உரிமை கிடையாது. அம்மா அந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்திருக்கும். ஒவ்வொரு தடவை ஊருக்குப் போனபோதும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் முடியாது என்றான்.

மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். பந்தல் போட்டு மைக் செட் கட்டினார்கள். ஊரில் ஒப்பாரி பாடத் தெரிந்தவள் ஒருத்தியும் மிச்சமில்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்கள். அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“அம்மிணி, அந்தப் பாட்டு உன்ற போன்ல இருக்குதல்ல? குடு, போடச் சொல்லலாம். இப்பத் தப்பில்ல.”

அவன் முகத்தில் கூச்சமே இல்லை. போனைக் கொடுத்தேன்.

அம்மாவின் குரல் தெருமுனை வரைக்கும் போனது. பெண்கள் அதனோடு சேர்ந்து அழுதார்கள். “ஆருங்க பாடறது? அம்சமா இருக்குது” என்று வந்தவர்கள் கேட்டார்கள். “எங்கம்மாங்க” என்று அண்ணன் ஒவ்வொருவரிடமும் பெருமையாகச் சொன்னான். அம்மா கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள்.

பாட்டு முடிந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம், சிரிப்பு.

“போதுங்களா? மாட்டுக்குத் தண்ணி காட்டோணும். நா வாரேனுங்க.”

அண்ணன் பெட்டியைப் பார்த்தான், ஸ்பீக்கரைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“இன்னொருக்காப் போடச் சொல்லு அம்மிணி” என்றான்.

“ஆருக்குங்கண்ணா?” என்று கேட்டேன்.